மஞ்சளை எடுக்கிற வரி

பொன்னமராவதி தாலுகாவில் இனி எந்த மனிதனுக்கும் மங்கலான முகம் கிடையாது என்று சிவபிரகாஷ் அறிவித்தது போன ஆடி மாதத்தில்.

அறிவித்த இடம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கும் வைஷ்ணவி டிஜிட்டல் ஸ்டுடியோ. கேட்டவர்கள் அப்பா உடையப்பன், அக்கா வைஷ்ணவி, பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர். பெரியவர் மட்டும் தலையை ஆட்டினார். அவருக்குக் காது மந்தம்.

அறிவிப்புக்கு ஆதாரம் ஒரு ஸ்கிரிப்ட். படம் திருத்தும் மென்பொருளுக்குள் ஓடுவதற்காக பைத்தானில் எழுதியது. பெயர், பளிச். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, சென்னையில் பல கம்பெனிகளில் மரியாதையாக வாசல் வரை வழியனுப்பப்பட்டு ஊர் திரும்பியவன், வாழ்க்கையில் முழுதாக எழுதி முடித்த ஒரே விஷயம் அது. போனில் வந்த படத்தை ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும். மிச்சத்தைப் பளிச் பார்த்துக்கொள்ளும். முகத்தைப் பின்னணியிலிருந்து வெட்டும், மஞ்சளை எடுக்கும், நிறத்தை ஏற்றும், காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ, அந்தந்த டிசைனில் கொண்டுபோய் ஒட்டும்.

ஊரில் ஒருவர் இறந்தால் ஃப்ளெக்ஸில் அவர் ஒருவர். கீழே வருந்துவோர் ஒரு பஸ் கூட்டம். வருந்துவோரில் ஒருவர் கறுப்பாகத் தெரிந்துவிட்டால் துக்க வீட்டு வாசலிலேயே பஞ்சாயத்து கூடிவிடும். பளிச் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. இறந்தவரும் வருந்துவோரும் ஒரே நிறத்தில், ஏறக்குறைய ஒரே சந்தோஷத்தில் இருந்தார்கள்.

அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் வைஷ்ணவி. கணவன் சோமு வளைகுடாவில் ஏசி மெக்கானிக். மகள் இலக்கியாவோடு அப்பா வீட்டில் இருந்தபடி, முன்னறை ஸ்டுடியோவை அவள்தான் நடத்தினாள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்தவுடன் எதையும் தொடமாட்டாள். முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கையை மடியில் கட்டியபடி கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பாள். அப்புறம் காது மடலில் முதல் புள்ளியை வைத்து, புள்ளி புள்ளியாக முகத்தைச் சுற்றி வந்து வெட்டுவாள்.

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி ஒக்காந்துருக்கா பாருங்க," என்பான் சிவபிரகாஷ், கடையில் யார் இருந்தாலும். "பாத்து முடிச்சு, கோலம் போட்டு, அதுக்குள்ள செத்தவருக்குத் தெவசமே வந்துரும்."

"ஆளு யாருன்னு பாக்காம எப்புடிடா வெட்டுறது?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"பாக்கவே வேணாங்கா. என் ஸ்கிரிப்ட் படத்தக் கண்ணுல காட்டாமலே வேலைய முடிச்சிரும். அதான் அதோட பெருமையே."

அவன் சொன்னது உண்மை. அந்த உண்மை இந்த வாரம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

*

சோமு இறந்துபோன செய்தி வந்து மூன்றாவது நாள். அறையில் கூட இருக்கும் ஆரோக்கியதாஸ் காலையில் எழுப்பப் போயிருக்கிறார். சோமு எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் இங்கே எல்லோருக்கும் தெரியும். பேப்பர் வேலைகள் முடிந்து, ஆரோக்கியதாஸே கூட வர, உடல் நாளை விடியற்காலை திருச்சியில் இறங்குகிறது. காரையூர்ப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வைஷ்ணவியையும் பிள்ளையையும் அழைத்துப்போக இன்று சாயங்காலம் வேன் வரும்.

உடல் வராததால் துக்கமும் பாதி வழியில் நின்றது. வைஷ்ணவியின் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. வந்த பெண்கள் வாசலில் ஒப்பாரிக்கு வாயைத் திறந்தார்கள். பொட்டைப் பார்த்ததும், அழலாமா இன்னும் நேரம் இருக்கிறதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்தபடி எல்லோருக்கும் காப்பி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வளைகுடாவிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி வரும் படத்தில் மாப்பிள்ளை என்ன களையாக இருந்தார், நாளுக்கு நாள் நிறம் கூடிக்கொண்டே வந்தது, எந்தப் பாவியின் கண் பட்டதோ என்று. ஒருத்தி தன் போனில் இருந்த படத்தையே எடுத்துச் சுற்றிலும் காட்டினாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்டுடியோவில் இருந்த சிவபிரகாஷுக்கு அது காதில் விழுந்தது. அந்தப் படங்கள் அத்தனையும் பளிச் செய்தவை. நெஞ்சுக்குள் ஒரு மூலையில் சின்னதாகப் பெருமை எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு, நேரம் சரியில்லை என்று தானே உள்ளே போய்விட்டது.

அவனுக்கு அன்று ஒரே ஒரு வேலை. சோமுவின் அஞ்சலி ஃப்ளெக்ஸ். புதுக்கோட்டைப் பிரஸ்ஸுக்கு ஃபைல் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தால், அச்சடித்துச் சுருட்டிக் கடைசி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். உடல் வரும்போது சோமுவின் ஊர் முகப்பில் படம் இருக்க வேண்டும். மச்சானுக்கு அவன் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அவன் செய்யாவிட்டால் அதைச் செய்ய ஊரில் இன்னும் ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் பக்கத்து அறையில் சுவரில் சாய்ந்திருந்தாள்.

பளிச் ஓடவில்லை.

காரணம் அவனே. போன வாரம் மென்பொருளின் புது வெர்ஷனை ஏற்றியிருந்தான். புதுசு வந்த பிறகும் பழசைக் கட்டி அழுகிறவன் தொழில்காரனே இல்லை என்று அதையும் ஓர் அறிவிப்பாகச் செய்துவிட்டுத்தான் ஏற்றினான். புது வெர்ஷனுக்குப் பழைய ஸ்கிரிப்ட் யாரென்றே தெரியவில்லை. முதல் வரியிலேயே, நீ கேட்கிற மாட்யூல் இங்கே கிடையாது என்றது. அதைத் தேடிப் பிடித்து மாற்றினான். அடுத்து, உள்தள்ளல் சரியில்லை என்றது. எங்கிருந்தோ காப்பி அடித்த வரிகளில் டேபும் ஸ்பேஸும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு வரியாகக் கர்சரை முன்னால் கொண்டுபோய்ச் சீராக்கினான். அதன் பிறகு சிவப்பில் இன்னொரு பத்தி வந்தது. ஒன்றைத் துடைத்தால் அடியில் இன்னொன்று இருந்தது.

உடையப்பன் எட்டிப் பார்த்தார். மூன்று நாளாக அதே சட்டை, அதே வேட்டியில் இருந்தார்.

"இன்னுமா ஆகல?"

"எரர் வருதுப்பா."

"பழசையே போட்டுக்க வேண்டியதுதானடா?"

"அதத் தூக்கிட்டேன். அம்புட்டுப் பெரிய ஃபைலத் திரும்ப எறக்க நெட்டு இழுக்க மாட்டேங்குது."

"அப்ப அக்காவக் கூப்புடு. அவன்னா அரை மணியில வெட்டி..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். யார் படத்தை யாரை வெட்டச் சொல்கிறோம் என்பது வாய்க்கு முன்னால் மூளைக்கு எட்டவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்.

*

எந்த வரியில் கோளாறு என்று தெரியாதபோது செய்வது ஒன்று உண்டு. சந்தேகப்படுகிற வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால், அந்த வரி வாயை மூடிக்கொள்ளும். அது இல்லாமல் மிச்சம் ஓடுகிறதா என்று பார்க்கலாம். சிவபிரகாஷ் கீழேயிருந்து ஒவ்வொன்றாக வாயை அடைத்துக்கொண்டே வந்தான். அஞ்சலி டிசைனில் ஒட்டும் வரியை அடைத்தான், ஓடவில்லை. நிறம் ஏற்றும் வரியை அடைத்தான், ஓடவில்லை. மஞ்சளை எடுக்கிற வரியை அடைத்தான்.

ஓடிவிட்டது. சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. ஆக, கோளாறு அந்த ஒரு வரியில்தான். புது வெர்ஷனில் அதற்குப் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, திரையைப் பார்த்தான்.

சோமு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

டியூப்லைட் என்று நினைத்தான். தொழிலாளர் கேம்ப் அறைகளில் என்ன லைட் இருக்கும், மலிவு போன் கேமரா வேறு. மஞ்சள் அடிக்கத்தான் செய்யும். அதற்காகத்தானே அந்த வரியையே எழுதினான்.

வெட்டாத ஒரிஜினல் படத்தைத் திறந்தான். அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் படம் உடையாது என்று மச்சானிடம் சொல்லிவைத்திருந்தான். அதனால் முழுசாக வந்திருந்தது. வெள்ளை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார் சோமு. ஃபிரிட்ஜ் வெள்ளையாக இருந்தது. சட்டை வெள்ளையாக இருந்தது. பின்னால் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரின் தாள் வெள்ளையாக இருந்தது. மஞ்சள் அவர் மேல் மட்டும்தான் இருந்தது.

பளிச் முதலில் முகத்தை வெட்டும், பிறகு அந்த முகத்தில் மட்டும் மஞ்சளை எடுக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் படத்தைத் திறந்ததில்லை.

ஃபோல்டரில் முந்தின வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்தான். அதற்கும் முந்தினதை. அதற்கும் முந்தினதை. பின்னால் போகப் போக மஞ்சள் குறைந்தது. ஆவணி மாதத்துப் படத்தில் கண் ஓரத்தில் லேசாக, பழைய தாளின் ஓரம் மாதிரி. ஆடி மாதத்தில் ஒன்றும் இல்லை. கன்னம் கூட நிறைந்திருந்தது. மறுபடி முன்னோக்கி வந்தான். ஒவ்வொரு படத்திலும் சட்டைக் காலர் கழுத்தைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வந்தது.

இதே படங்கள்தான் வெள்ளிக்கு வெள்ளி நிறம் கூடி ஊரெல்லாம் சுற்றின.

போனை எடுத்து மச்சானின் பழைய மெசேஜுகளைத் தேடினான். தேடும் முன்பே ஞாபகம் இருந்தது. "மாப்ள, தூக்கமில்லாத மூஞ்சியா இருக்கு. கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணி ஒங்கக்காவுக்கு அனுப்பிரு. நேரா அனுப்புனா நொய்நொய்னு கேள்வி கேப்பா." கீழே அவன் பதில், ஒரு சிரிப்புப் பொம்மையோடு: "அஞ்சு செகண்டு மச்சான். நான் படத்தப் பாக்கக்கூட மாட்டேன்."

அதற்குச் சோமு கட்டைவிரலைக் காட்டியிருந்தார்.

*

"பிரகாசு."

வைஷ்ணவி கதவுக்கு வெளியே நின்றாள். ஸ்டுடியோவுக்குள் வரவில்லை, வரலாமா கூடாதா என்பதை அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் கை தானாகப் போய், திரையில் படம் இருந்த ஜன்னலை இறக்கிவிட்டது. திரையில் கோடு கோடாக எழுத்து மட்டும் இருந்தது.

"நல்லா வந்துருக்கா?"

"வந்துக்கிட்டு இருக்குக்கா."

"கஷ்டமா இருந்தா எம் போனுல இருக்குல்ல, போன மாசம் அனுப்புனது. அதையே எடுத்துக்க. அதுல அவ்வளவு தெளிவா இருப்பாரு. அதப் பாத்துட்டுத்தான் நானே அன்னைக்கு நிம்மதியாத் தூங்குனேன்."

அந்தப் படம் போனுக்குப் போனில் போய் இளைத்துவிட்டது, ஃப்ளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும் என்று சொன்னான். அது உண்மைதான். அன்று அதுவரை அவன் அவளிடம் சொன்ன ஒரே உண்மை.

"அப்ப ஒரிஜினல்லயே பண்ணு. வேன் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ காட்டு. நான் பாத்துட்டுப் போறேன்," என்றாள். பிறகு, போகாமல் நின்று, "சட்டை அந்த வெள்ளைச் சட்டைதான? நான் எடுத்துக் குடுத்தது" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

அவள் போன பிறகு, மஞ்சளை எடுக்கிற வரிக்குப் புதுப் பெயர் என்ன என்று தேடினான். உடனே கிடைத்தது. யாரோ எங்கோ இதே எரர் வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். யாரோ பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்கள். டைப் செய்தான். ஹாஷை எடுத்தான். இனி பளிச் ஓடும். எப்போதும் போல, எதையும் பார்க்காமல் முடித்துக் கொடுக்கும். என்டரைத் தட்டினால் போதும்.

போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். ஆரோக்கியதாஸ்.

ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பெட்டி உள்ளே போய்விட்டது, சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள், விடியற்காலை திருச்சியில் ஆம்புலன்ஸ் தயாராக இருக்கட்டும் என்றார். சிவபிரகாஷ் எல்லாவற்றுக்கும் சரிண்ணே, சரிண்ணே என்றான். அவர் போனை வைக்கவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கண்ணே."

"காமாலை முத்திருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போடான்னு நாங்க ரூமுல அம்புட்டுப் பேரும் கத்துனோம். இப்ப போனா விசா மெடிக்கல்ல தூக்கிருவான், தையில ஊருக்குப் போயி பாத்துக்குறேன்னான். பெறகு ஒண்ணு சொல்லுவான். எம் மச்சினன் வாரா வாரம் படத்தப் பாக்குறான், அவன் படிச்ச பய, பெருசா இருந்தா சொல்லிருக்க மாட்டானா, அவனே ஒண்ணும் சொல்லலன்னு. நீங்க பாத்தீங்கதான தம்பி?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இலக்கியாவைச் சாப்பிடச் சொன்னார்கள்.

"பாத்தேண்ணே."

"அப்ப அக்காவுக்கும் தெரியும்ல?"

தெரியாது என்று ஒரு சொல்தான். அவர் நாளை வாசலில் வந்து நிற்கும் முன், அதைச் சொல்ல இந்த நிமிஷம்தான் இருந்தது.

"தெரியும்ணே."

ஆரோக்கியதாஸ் பெருமூச்சு விட்டது அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது. "நல்லதாப் போச்சு. தெரியாத மனுசிகிட்டப் போயி எப்புடிடா சொல்றதுன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. நேர்ல வந்து அக்காட்ட நானே பேசிக்கிறேன்."

*

வெயில் எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது. பிரஸ்ஸிலிருந்து ஃபைல் எங்கே என்று மெசேஜ் வந்தது.

சிவபிரகாஷ் என்டரைத் தட்டவில்லை. பளிச்சை மூடினான். மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டதற்கு வேண்டாம் என்றான். ஒரிஜினல் படத்தைத் திறந்து, முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் சும்மா பார்த்தான். இடது காதுக்குக் கீழே சவரம் செய்யாமல் விட்டுப்போன நாலு முடி. மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தடம். மச்சான் கண்ணாடி போடுவார் என்பதே அவனுக்குத் தெரியாது. படத்துக்காகக் கழற்றி வைத்திருக்கிறார். உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை, அது, சொல்லுடா மாப்ள என்று காத்திருந்தது.

காது மடலில் முதல் புள்ளியை வைத்தான். புள்ளி வெளியே விழுந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அடுத்தது. அதற்கடுத்தது. தலைமுடி ஓரத்தில் ஒவ்வொரு சுருளாக நின்று நின்று சுற்றி வந்தான். விலகிக் கிடந்த காலரை ஒட்டி இறங்கும்போது, வெட்டும் கோட்டைக் கழுத்தோடு கொண்டுபோவதா காலரோடு கொண்டுபோவதா என்று யோசித்து, காலரோடு கொண்டுபோனான். இடையில் உடையப்பன் வந்து பின்னால் நின்றார். மகன் புள்ளி வைப்பதைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் சேர்ந்தன. முகம் தனியாக வந்தது. மிச்சம் இருந்தது கண்.

மஞ்சளோடு ஃப்ளெக்ஸ் போனால் அக்கா இன்றைக்கே கேட்பாள். மஞ்சள் இல்லாமல் போனால், நாளைக்கு அந்த ஃப்ளெக்ஸுக்கு அடியில் நின்றுகொண்டு ஆரோக்கியதாஸ் பேசுவார். இருக்கிறதிலேயே சின்ன பிரஷ்ஷை எடுத்தான். இடது கண்ணின் ஓரத்திலிருந்து, இமை முடியில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையை ஏற்றினான். நன்றாகத்தான் வந்தது. இத்தனை நாள் ஸ்கிரிப்ட் செய்ததைவிட நன்றாக வந்தது.

வலது கண்ணுக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோனபோது தெருவில் வேன் ஹார்ன் அடித்தது. உள்ளே பெண்கள் எழுந்திருக்கும் சத்தம். பை எடுக்கச் சொன்னார்கள், பிள்ளைக்குச் செருப்பு எங்கே என்றார்கள்.

காலடி ஸ்டுடியோவுக்கு வந்தது. இந்த முறை கதவில் நிற்கவில்லை. வைஷ்ணவி உள்ளே வந்து, தன் பழைய ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவன் ஜன்னலை இறக்கிவிடக் கையைக் கொண்டுபோனான்.

"இருடா," என்றாள். "நான் பாக்குறேன்."

கையை மடியில் கட்டிக்கொண்டாள். எந்த முகத்தையும் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்க்க ஆரம்பித்தாள்.

சிவபிரகாஷ் மவுஸிலிருந்து கையை எடுத்தான். வேன் இன்னொரு முறை ஹார்ன் அடித்தது. அவனும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பார்த்த இடத்தையே பார்த்தான். ஒரு கண் வெள்ளையாக இருந்தது.